மஞ்சு இறங்கிய மலைச்சாலையில் வண்டி ஓட்டுவது

கீரிப்பாறைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. விடியுமுன்பே ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிற தொழிலாளர்கள், ஜீப் ஓட்டுநர்கள், தடி ஏற்றும் லாரிக்காரர்கள், அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் ஒரு பக்கம். விடுமுறை நாளில் காளிகேசத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாம் என்று நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் குடும்பத்தோடு கிளம்பி வருகிறவர்கள் மறு பக்கம். முதல் வகையினருக்குச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. இந்த அத்தியாயம் இரண்டாம் வகையினருக்காக. ஆனால் மஞ்சுக்குள், அதாவது மூடுபனிக்குள், உங்களுக்கு எதிரே நடந்தோ, பழைய பைக்கிலோ வரப்போகிறவர் அந்த முதல் வகைக்காரர்தான். அவர் உயிரும் உங்கள் காலடியில் இருக்கும் பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே சொல்லும் முறைகள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் பொருந்தும். கீரிப்பாறையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்தச் சாலை ஆளை ஏமாற்றும். ஊட்டிக்குப் போகிறவர் பனியை எதிர்பார்த்தே போகிறார். கன்னியாகுமரி மாவட்டத்தில், கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில், பனி வந்து கண்ணை மறைக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முதல் விதி

உங்கள் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அதில் பாதிக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். மீதிப் பாதி எதிரே வருகிறவருக்கு.

தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தினால் போதும் என்று பல வழிகாட்டிகள் சொல்லும். நடுவில் தடுப்புச்சுவர் உள்ள நான்குவழிச் சாலைக்கு அது சரி. இரண்டு வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டிய தோட்டச் சாலையில் அந்தக் கணக்கு உதவாது. 50 மீட்டர் தெரிகிறது, 50 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம் என்று நீங்கள் வருகிறீர்கள். எதிரே வருகிறவரும் அதே கணக்கில் வருகிறார். இருவரும் சரியாக பிரேக் போட்டாலும் நடுவில் மோதிக்கொள்வீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்தாலும் இந்தப் ‘பாதி’ மறக்கக் கூடாது.

மஞ்சு எப்போது, எங்கே இறங்கும்

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை மலையோரத்தில் ஈரம் காய்வதே அபூர்வம். இரவில் மழை பெய்து ஓய்ந்து, காற்று அசையாமல் விடியும் காலைகளில் ஓடையோரமும் தோட்டப் பள்ளங்களும் வெள்ளையாக நிறைந்துவிடும். வெயில் ஏறினால் இது கலையும்.

மாறாமலை, பாலமோர் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் கதை வேறு. அங்கே தரையிலிருந்து எழும் பனியை விட, மலையில் வந்து மோதும் மேகமே சாலையில் இறங்கிவிடுகிறது. அது நடுப்பகலிலும் வரும், மாலை நான்கு மணிக்கும் வரும், பத்து நிமிடத்தில் வந்து பத்து நிமிடத்தில் போகவும் செய்யும். அடிவாரத்துத் தடிக்காரன்கோணத்தில் வெயில் அடிக்கிறது என்பதற்காக மேலேயும் வெயில் என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். அந்த மாதங்களில் காலைப் பனியில் நனைந்த சருகு சாலை முழுக்க ஒட்டிக் கிடக்கும். பார்வைக்குப் பனி, பிடிமானத்துக்குச் சருகு என இரண்டு ஆபத்தும் சேரும் காலம் அது. மழைக்காலத்தை விட இதைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன், ஏனென்றால் வானம் தெளிவாக இருப்பதால் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை

1. நான்கு பக்க விளக்குகளையும் எரியவிட்டு, இறங்கி வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். பின்விளக்கு எரிகிறதா என்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி தெரியாது. பிரேக் விளக்கைப் பார்க்க இன்னொருவர் வேண்டும், அல்லது சுவரோரம் பின்பக்கம் திருப்பி நிறுத்தி, சிவப்பு வெளிச்சம் சுவரில் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கலாம்.

2. முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடையுங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் துடைப்பார்கள். உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் ஆவியைப் பிடித்து வைக்கும். கொஞ்சம் ஷாம்பு கலந்த நீரில் துடைத்து, பழைய செய்தித்தாளால் உலர்த்தினால் போதும்.

3. வைப்பர் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். விரைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். பனித்துளி மழைத்துளியை விட நுண்ணியது. தேய்ந்த வைப்பர் அதை வழித்தெடுக்காமல் கண்ணாடி முழுக்க இழுகிவிடும்.

4. டயரின் பள்ளம் தேய்ந்திருந்தால் மலைக்குக் கிளம்பாதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

5. வண்டியில் இருக்க வேண்டியவை: சிவப்பு எதிரொளிப்பு முக்கோணம், டார்ச், ஒரு வெளிர் நிறத் துண்டு, இரண்டு உலர்ந்த துணிகள், ஈரத்துணி வைக்க வாய் கட்டக்கூடிய பிளாஸ்டிக் பை. கடைசிப் பொருளின் அவசியம் பின்னால் புரியும்.

6. தடிக்காரன்கோணத்தில் ஒரு டீ குடியுங்கள். மேலிருந்து இறங்கி வந்த ஜீப்காரரோ பேருந்து ஓட்டுநரோ அங்கே இருந்தால், “அண்ணே, மேல மஞ்சு கெடக்கா?” என்று கேளுங்கள். “பள்ளத்துல கண்ணு தெரியல்ல, பைய போங்க” என்று ஒரு வாக்கியத்தில் அவர் சொல்லும் தகவல் எந்தச் செல்போன் செயலியிலும் கிடைக்காது. எந்த இடத்தில் கெடக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைக்குள் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு ஏறுங்கள். 108, 112 இரண்டையும் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளப்பது எப்படி

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், ஒரு கிலோமீட்டருக்குக் கீழே பார்வை குறைந்தாலே அது மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்பனி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்த பனி. மலைச்சாலையில் உங்களுக்கு வேலை இருப்பது கடைசி இரண்டில்தான்.

ஓட்டிக்கொண்டே மீட்டர் கணக்கு எப்படித் தெரியும்? சாலையோரமே அளவுகோல் இருக்கிறது. மின்கம்பங்களுக்கு நடுவே ஏறக்குறைய 40 முதல் 50 மீட்டர் வரை இருக்கும். நீங்கள் ஒரு கம்பத்தைத் தாண்டும்போது அடுத்த கம்பம் தெளிவாகத் தெரிந்தால் 50 மீட்டர் பார்வை. இரண்டு கம்பம் தெரிந்தால் 100. அடுத்த கம்பமே தெரியவில்லை, பாதி வழி போன பிறகுதான் தெரிகிறது என்றால் 25 மீட்டர். நெடுஞ்சாலைத் துறை நட்டிருக்கும் சின்ன 200 மீட்டர் கற்கள் இங்கே உதவாது. ஒன்றிலிருந்து அடுத்தது தெரிகிற அளவு பார்வை இருந்தால் உங்களுக்கு இந்த அத்தியாயமே தேவைப்படாது.

இனி வேகம். நனைந்த சாலையில், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வண்டி முழுதாக நிற்க ஏறக்குறைய இவ்வளவு தூரம் வேண்டும்:

மணிக்கு 20 கி.மீ. வேகம்: 12 மீட்டர்
30 கி.மீ.: 21 மீட்டர்
40 கி.மீ.: 32 மீட்டர்
60 கி.மீ.: 60 மீட்டர்

முதல் விதியை இதோடு சேருங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் 40. ஒரு கம்பம் தெரிந்தால் 30. பாதிக் கம்ப தூரம்தான் தெரிகிறது என்றால் 20. அதற்கும் கீழே போனால் ஓட்டுவதை நிறுத்த இடம் தேட வேண்டும். இவை தட்டையான சாலைக்கான கணக்கு. இறக்கத்திலும் சருகு கிடக்கும் இடத்திலும் இன்னும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

30-இல் ஊர்ந்தால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பாரே என்று தயங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். உத்தரப்பிரதேசத்தின் யமுனா விரைவுச்சாலை ஆறு வழிச் சாலை. அங்கேயே குளிர்காலப் பனிக்காகக் கார்களின் வேக வரம்பை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75-ஆகக் குறைக்கிறார்கள். தோட்டச் சாலையில் 30 என்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

குறிப்பு: வேகமானியைப் பார்த்து ஓட்டுங்கள். ஓரத்து மரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்துத்தான் வழக்கமாக வேகத்தை உணர்கிறோம். மஞ்சு அவற்றை மறைத்த பிறகு 45 கூட 30 மாதிரித் தோன்றலாம்.

விளக்கு

மஞ்சுக்குள் நுழைந்ததும் முதலில் கை போவது பிரைட்டுக்குத்தான். தெரியவில்லை, அதனால் வெளிச்சத்தைக் கூட்டுவோம் என்று மனம் சொல்லும். மேலே எழும்பும் பிரைட் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். வெளுத்த வேட்டியை முன்கண்ணாடிக்கு வெளியே விரித்துப் பிடித்தது போலிருக்கும். டிம்மில் வைத்தால் ஒளி கீழே சாய்ந்து தார்மீது விழும். அந்தப் பத்திருபது மீட்டர் தார்தான் உங்களுக்குத் தேவை.

வரிசை இதுதான்:

1. மஞ்சு கண்ணில் பட்டதுமே, உள்ளே நுழைவதற்கு முன், வேகத்தைக் குறைத்து டிம் போடுங்கள்.
2. பனிவிளக்கு இருந்தால் அதையும் போடுங்கள். பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகலமாக ஒளி வீசுவதால்தான் அது உதவுகிறது. மஞ்சள் கண்ணாடி பனியைத் துளைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. சிலருக்குக் கண் கூசுவது குறையும், அவ்வளவே.
3. பின்பக்கச் சிவப்புப் பனிவிளக்கு உள்ள கார்களில், 100 மீட்டருக்குக் கீழே பார்வை குறைந்தால் மட்டும் அதைப் போடுங்கள்.
4. நீங்களே கையால் விளக்கைப் போடுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டுவிடாதீர்கள்.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதிய கார்களில் இருட்டினால் விளக்கு தானாக எரியும். பகல் நேரத்து மஞ்சு இருட்டு இல்லை, வெளிச்சமான வெள்ளை. காருக்கு அது பகல்தான். முன்னால் பகல் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து விளக்கு எரிகிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. பின்னால் வரும் பேருந்துக்கு நீங்கள் கண்ணில் படவே மாட்டீர்கள்.

ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டுப் போவது நம்மூரில் பெரும் பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து இதை விடுங்கள். நான்கும் மினுங்கினால் நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. வலப்பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பதைத் தெரிவிக்கவும் வழியில்லாமல் போகும். வண்டி நின்றுவிட்டால் போடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது.

கண்ணாடி மங்கினால்

வெளியே இருக்கும் மஞ்சை விட, உள்ளே நாமே உண்டாக்கும் மஞ்சு பல நேரம் மோசமானது. காளிகேசத்தில் குளித்துவிட்டு ஐந்து பேர் ஈரத்தலையோடு காரில் ஏறுகிறார்கள். ஈரத்துண்டு பின்இருக்கையின் மேல் விரிகிறது, குழந்தையின் ஈர நிக்கர் டேஷ்போர்டு மேல் காய்கிறது. கண்ணாடியை ஏற்றியதும் இரண்டே நிமிடத்தில் எல்லாக் கண்ணாடியும் வெளுத்துவிடும். ஓட்டுநர் உள்ளங்கையால் துடைப்பார். துடைத்த இடம் கோடுகோடாகி இன்னும் மோசமாகும். சாலை இறங்கத் தொடங்குவது அந்த நேரம் பார்த்துத்தான்.

குளித்தவர்கள் தலையைத் துவட்டி, உடை மாற்றி ஏறட்டும். ஈரத்துணி முழுக்கப் பிளாஸ்டிக் பைக்குள் போய் வாய் கட்டப்பட்டு டிக்கிக்குள் இருக்கட்டும். பை கேட்டது இதற்குத்தான். அதன் பிறகும் மங்கினால், முதலில் ஒரு கேள்வி: மங்கியிருப்பது உட்புறமா வெளிப்புறமா? விரலால் உள்ளே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

உட்புறம் என்றால்:
1. ஏ.சி.யைப் போடுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்.
2. காற்று உள்ளேயே சுற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி செய்யுங்கள்.
3. காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, சூட்டுக் குமிழைச் சற்றுக் கூட்டுங்கள்.
4. ஏ.சி. இல்லாத வண்டியில் இருபக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அகலம் இறக்குங்கள்.

வெளிப்புறம் என்றால் கதை தலைகீழ். ஏ.சி. கண்ணாடியை அதிகமாகக் குளிர வைத்துவிட்டது, வெளியே உள்ள ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கிறது. நம் பக்கத்துப் புழுக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். வைப்பரை ஒரு முறை ஓட்டுங்கள், ஏ.சி. குளிரைக் குறைத்து, கண்ணாடி மேல் வீசும் காற்றை வேறு பக்கம் திருப்புங்கள். இது தெரியாதவர்கள் ஏ.சி.யை இன்னும் கூட்டுவார்கள், கண்ணாடி இன்னும் வெளுக்கும்.

வளைவும் ஒடுக்கமும்

1. இடப்பக்கத் தார் விளிம்பைப் பிடித்து ஓட்டுங்கள். வெள்ளைக்கோடு இருந்தால் கோடு, இல்லையென்றால் தாரும் புல்லும் சேரும் இடம், வளைவுகளில் கருப்பு வெள்ளை அடித்த காவல்கற்கள். நடுக்கோட்டைப் பார்த்து ஓட்டினால் கையும் வண்டியும் நடுவுக்கே போய்விடும். எதிரே வருகிறவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். மழைக்காலத்தில் தாரின் விளிம்பு அரித்து ஒரு சாண் பள்ளமாகியிருக்கும் இடங்கள் உண்டு. எனவே விளிம்பைப் பார்த்து ஓட்டுங்கள், விளிம்பின் மேல் ஓட்டாதீர்கள்.

2. பாட்டை நிறுத்துங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்குங்கள். வண்டிக்குள் பேச்சும் நிற்கட்டும். மஞ்சில் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் வண்டி வரும். முக்கி ஏறும் லாரியின் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்கும்.

3. வளைவுக்கு முன் ஒரு குறுகிய ஹாரன். அடித்துவிட்டுக் கேளுங்கள். பதில் ஹாரன் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். ஹாரன் அடித்தாயிற்று, இனி வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று நுழைவதில் பயனில்லை.

4. ஒடுக்கமான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். நம் சாலை விதியும் அதையே சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற லாரி மறுபடி கிளம்பும்போது பின்னால் உருளும் ஆபத்து உண்டு. மஞ்சில் அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

5. முந்தாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும், மாட்டுவண்டியாக இருந்தாலும் சரி.

6. முன்னால் போகும் பேருந்தின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டிப் போவது நிம்மதியாகத் தோன்றும். விளக்கு தெரிய வேண்டும் என்பதற்காகவே நெருங்கிக்கொண்டே போவீர்கள். அந்த ஓட்டுநர் சாலையோரம் கைகாட்டும் தொழிலாளிக்காகத் திடீரென்று நிறுத்துவார். அவர் அந்தச் சாலையை அறிந்தவர், உங்களை அறியாதவர். பேருந்து ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, நிதானமாக நான்கு எண்ணி முடித்த பிறகே நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்ட வேண்டும்.

காற்று மழைக்குப் பிறகு வரும் மஞ்சில் இன்னொன்றும் உண்டு. ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் தோட்டம் தோட்டமாக மரங்கள் சாய்ந்ததை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். புயல் தேவையில்லை, சாதாரணக் காற்றுக்கே கிளை முறிந்து சாலையில் கிடக்கும். இரவு காற்றடித்திருந்தால் மறுநாள் காலை உங்கள் வேகத்தில் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில்

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது மலைக்காரர்களின் பழைய பாடம். நீலகிரியின் கல்லட்டி இறக்கத்தில், 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரிலேயே வரச் சொல்லி எச்சரிப்பதற்கும் இதுவே காரணம். மஞ்சில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. என்ஜினே வண்டியைப் பிடித்து வைப்பதால் உங்கள் கால் பிரேக்கில் அழுந்திக்கொண்டே இருக்காது. பிரேக் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், நீங்கள் உண்மையில் நிறுத்தும்போது பின்னால் வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதை மலையில் ஒருநாளும் செய்யக் கூடாது. சருகு மேல் பிரேக்கை மிதிக்காமல், சருகுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உருண்டு கடந்துவிடுங்கள்.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு

2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பைக்குகளில் முன்விளக்கு எப்போதும் எரியும். பழைய வண்டி என்றால் நீங்கள்தான் போட வேண்டும். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் சேறு படிந்திருந்தால் எரிந்தும் பயனில்லை. கைக்குட்டையால் ஒருமுறை துடையுங்கள்.

ஹெல்மெட் கண்ணாடி மங்குவது பெரிய தொல்லை. அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. முந்தின இரவே கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, உலரவிட்டு, மென்துணியால் தேய்த்துவிடுங்கள். ஆவி துளியாகப் பிடிக்காது. ஓட்டும்போது கண்ணாடியை ஒரு விரல் அகலம் தூக்கி வையுங்கள். வெளிப்புறத் துளியை இடக்கைக் கையுறையின் முதுகால் வழித்துவிடலாம்.

கருப்பு, சாம்பல் நிற மழைச்சட்டை மஞ்சுக்குள் கரைந்துபோகும். மேலே ஒரு எதிரொளிப்புப் பட்டைச் சட்டை போடுங்கள். அது இல்லையென்றால் முதுகில் வெள்ளைத் துண்டு.

முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் மெதுவாக, சேர்த்துப் பிடியுங்கள். சருகு மேலோ, பாசி பிடித்த சிமெண்ட் மேலோ முன்பிரேக்கைத் தனியாக இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். வளைவில் சாயும்போது பிரேக் வேண்டாம், வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும்.

நடந்து போகும் பால்வெட்டுத் தொழிலாளி தலையில் லைட் கட்டியிருப்பார். தூரத்தில் ஒற்றை வெளிச்சம் தெரிந்தால் அது பைக் என்று நினைக்காதீர்கள். அவர் தரையைப் பார்த்து நடப்பார், வெளிச்சம் ஆடும், பக்கவாட்டில் திரும்பினால் சட்டென்று மறையும். ஒற்றை வெளிச்சம் எதைக் கண்டாலும் ஆள் என்றே எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

யானை நின்றால்

கீரிப்பாறையைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. ரப்பர் தோட்டங்களுக்குள் யானை வருவது இங்கே செய்தியே இல்லை. காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றியும் உண்டு. மஞ்சில் யானை பாறையாகத் தெரியும். சாலையில் புதுச்சாணம், ஒடிந்த கிளை, காற்றில் கனத்த வாடை இருந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள்.

யானை தெரிந்துவிட்டால்:
1. ஹாரன் வேண்டாம். விளக்கை மாற்றி மாற்றி அடிக்க வேண்டாம்.
2. நிறுத்துங்கள். என்ஜின் ஓடட்டும், உறுமவிடாதீர்கள்.
3. பின்னால் வண்டி இல்லையென்று உறுதியானால் மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள்.
4. யாரும் இறங்கக் கூடாது, படம் எடுக்கவும் கூடாது.
5. அது கடந்து போன பிறகும் காத்திருங்கள். தாய் போனால் குட்டி பின்னால் வரலாம், மஞ்சில் அது உங்களுக்குத் தெரியாது.

வளைவில் ஹாரன் அடியுங்கள் என்று முன்னால் சொன்னேன். யானைத் தடம் கண்ட இடத்தில் அது பொருந்தாது. அங்கே நடை வேகம் மட்டும்தான்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால்

10 மீட்டர்கூடத் தெரியவில்லை என்றால் ஓட்டக் கூடாது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பயத்தில் இருந்த இடத்திலேயே, சாலைக்குள்ளேயே நிறுத்திவிடுவார்கள். அது ஓட்டுவதை விட ஆபத்து.

1. நடை வேகத்தில் ஊர்ந்து போய், தாரை விட்டு முழுதாக வெளியேறும் இடத்தைத் தேடுங்கள்: கடை முற்றம், பேருந்து நிறுத்தம், தோட்டத்துப் பால் எடைபோடும் கொட்டகையின் முகப்பு, நேர்ச்சாலையில் அகன்ற ஓரம். வளைவிலும் பாலத்திலும் நிறுத்தக் கூடாது. பெரிய மரத்தடியும் ஓடைக்கரையும் வேண்டாம்.
2. கைபிரேக், முதல் கியர், பின்சக்கரத்துக்கு ஒரு கல்.
3. வண்டி தாருக்கு வெளியே முழுதாக நின்றுவிட்டால் முன்விளக்கை அணைத்துவிட்டு நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தால், எதிரே வருகிறவர் அதைச் சாலை என்று நினைத்து உங்களை நோக்கி வரக்கூடும்.
4. வண்டியின் ஒரு பகுதி தாரின் மேல் இருந்தால், முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் ஏறக்குறைய 50 மீட்டர், அதாவது ஒரு கம்ப தூரத்தில் வையுங்கள். வைக்கப் போகிறவர் டார்ச்சை அசைத்தபடி ஓரமாக நடக்கட்டும். வளைவுக்கு அப்பால் நின்றிருந்தால் முக்கோணம் வளைவுக்கு முன்பே தெரிய வேண்டும்.
5. அப்படிப் பாதிச் சாலையில் நின்ற வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. எல்லோரும் இறங்கி, மலைப்பக்கம், வண்டிக்குப் பின்னால் இல்லாமல் தள்ளி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

மாலையில் மேகம் இறங்கினால் காத்திருந்து பயன் இல்லாமல் போகலாம், இருட்டும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான், மழைக்காலத்தில் காளிகேசம் போகிறவர்கள் மதியம் மூன்று மணிக்கெல்லாம் கீழே இறங்கத் தொடங்குவது நல்லது. காலையில் போகிறவர்கள் எட்டு, எட்டரைக்கு முன் தடிக்காரன்கோணத்தைத் தாண்ட அவசரப்பட வேண்டாம். வேலைக்குப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சைத் தாண்டிய பிறகு

1. பார்வை தெளிந்ததும் உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள். பள்ளங்களில் மஞ்சு திட்டுத்திட்டாகக் கிடக்கும். அடுத்த பள்ளத்தில் இன்னொரு திட்டு இருக்கும். 60-இல் அதற்குள் நுழைகிறவருக்குத்தான் அடிபடுகிறது. நேராக ஒரு கிலோமீட்டர் தெளிவாக ஓட்டிய பிறகே வழக்கமான வேகத்துக்குப் போங்கள்.
2. பின்பக்கப் பனிவிளக்கை அணையுங்கள். தெளிந்த சாலையில் அது பின்னால் வருகிறவர் கண்ணைக் குத்தும், உங்கள் பிரேக் விளக்கையும் மறைக்கும்.
3. ஆளில்லாத நேரான இடத்தில் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து ஈரம் உலர்த்துங்கள்.
4. ஏறி வருகிற வண்டி உங்கள் அருகே மெதுவாகி, “மேல எப்படி?” என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது, எத்தனை கம்பம் தெரிகிறது, கிளை ஏதும் விழுந்திருக்கிறதா, யானைச் சாணம் கண்டீர்களா என்ற நான்கையும் சொன்னால் போதும்.